மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை: ‘ரஸ்ஸீயா’ ரயில் சேவை குறித்து ஒரு மதிப்புரை

மாஸ்கோவின் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்தில் புறப்பட்டு, பசிபிக் கடற்கரையில் இருக்கும் விளாதிவஸ்தோக்கில் போய் நிற்கும் ‘ரஸ்ஸீயா’ என்னும் ரயில் 1966ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. ஒரே நாட்டுக்குள் 9288 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் போனால் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். சென்ற செப்டம்பரில், இர்குட்ஸ்க் நகரில் மட்டும் இரண்டு நாள் இறங்கித் தங்கி, இந்தப் பாதை முழுவதையும் இரண்டாம் வகுப்பில் கடந்தேன். விமானத்தில் ஒரே நாளில் சேர்ந்துவிடக்கூடிய ஊருக்கு ஒரு வாரத்தைச் செலவழிப்பது தகுமா என்று கேட்பவர்களுக்கு, தகும் என்றே சொல்வேன்; ஆனால் ரஷ்யாவின் வரலாற்றில் கொஞ்சமேனும் ஈடுபாடு உள்ளவர்களுக்குத்தான் அப்படிச் சொல்வேன். வெளியே தெரியும் காட்சியை மட்டும் நம்பி ஏறுகிறவர் மூன்றாம் நாளே சலித்துப்போவார். கொஞ்சம் படித்துவிட்டு ஏறுகிறவருக்கோ, பெட்டியின் கோடியில் இருக்கும் வெந்நீர்க் கொதிகலன் முதல் கடைசிக்கு முந்தைய நாள் வரும் பாலம் வரை சொல்வதற்கு ஏதோ ஒன்று வைத்திருக்கும். ஜார், புரட்சி, விண்வெளி என்று நாம் வழக்கமாக அறிந்த ரஷ்யாவுக்கு அப்பால், அதிகம் பேசப்படாத செய்திகள் பல இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கின்றன. எனவே வசதிகளைப் பற்றிச் சொல்லும்போதே அவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. பெட்டி தேடுவதற்காக அல்ல, அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்காக. 1902இல் ஃபியோதர் ஷேக்தெல் என்னும் கட்டடக் கலைஞர், ரஷ்ய வட நாட்டுக் கோட்டைகளையும் நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாளிகைகளையும் நினைவூட்டும் வகையில் உயரமான சாய்கூரையோடு இதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தார். வாசலில் ‘வக்ஸால்’ என்று எழுதியிருக்கும். ரயில் நிலையத்துக்கு ரஷ்ய மொழியில் வழங்கும் இந்தச் சொல், லண்டனில் வாக்ஸால் என்ற இடத்தில் இருந்த கேளிக்கைத் தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. ரஷ்யாவின் முதல் பொது இருப்புப்பாதை 1837இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜார்ஸ்கோயே செலோ என்ற அரண்மனை ஊருக்குத் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பாவ்லோவ்ஸ்க் வரை நீண்டது. மக்களை ரயிலில் ஏற வைப்பதற்காக, பாதை முடியும் அந்த ஊரில் ஓர் இசை அரங்கத்தைக் கட்டி, அதற்கு லண்டன் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள். வியன்னாவின் வால்ட்ஸ் இசை மேதை இளைய யோஹான் ஸ்ட்ராஸ் கோடைக்காலங்களில் அங்கே வந்து நிகழ்ச்சி நடத்தினார். கச்சேரி கேட்கப் போகும் இடத்தின் பெயர் காலப்போக்கில் நாட்டிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

பெட்டியின் வாசலில் சீருடை அணிந்த பெண் ஊழியர் ஒருவர் நின்று கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏறவிடுகிறார். இவரை ‘ப்ரவத்னீட்ஸா’ என்கிறார்கள். ஆண் என்றால் ‘ப்ரவத்னீக்’. நம் ஊரின் பயணச்சீட்டுப் பரிசோதகரை மனத்தில் வைத்து இவரை எடைபோட முடியாது. பெட்டி முழுவதும் இவர் பொறுப்பு: விரிப்பு தருவது, கழிப்பறையைத் துப்புரவாக வைப்பது, இரவு இரண்டு மணிக்கு இறங்க வேண்டியவரைத் தட்டி எழுப்புவது, பழைய பெட்டிகளில் குளிர்காலத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது, படிக்கட்டில் உறையும் பனிக்கட்டியை உடைப்பது எல்லாம் இவரே. ஒரு பெட்டிக்கு இருவர் முறைவைத்து வேலை செய்கிறார்கள். முதல் நாள் இறுக்கமாக இருந்த எங்கள் ப்ரவத்னீட்ஸா, மூன்றாம் நாள் நான் எழும் நேரத்தைக் கணித்துத் தேநீரோடு வந்து நின்றார்.

இருவர் தங்கும் முதல் வகுப்பு, நால்வர் தங்கும் ‘குப்பே’ எனப்படும் இரண்டாம் வகுப்பு, கதவில்லாமல் திறந்திருக்கும் ‘பிளாட்ஸ்கார்ட்’ என்னும் மூன்றாம் வகுப்பு என்று ரஷ்ய நெடுந்தூர ரயில்களில் மூன்று வகை உண்டு. பிளாட்ஸ்கார்டில் ஒரு பெட்டிக்கு 54 படுக்கைகள். பக்கவாட்டுப் படுக்கையும் உண்டு என்பதால் நம் ஸ்லீப்பர் வகுப்பில் பழகியவர்களுக்கு வேறுபாடு தெரியாது. நான் குப்பேயைத்தான் பரிந்துரைப்பேன். கீழ்ப் படுக்கையைத் தூக்கினால் பெட்டியை வைக்க ஆழமான அறை இருக்கிறது. மேல் படுக்கைக்காரர்களின் சுமைக்குக் கதவின் மேலே ஒரு பரண் இருக்கிறது. ஜன்னலோரம் நால்வருக்கும் பொதுவாக ஒரு சிறு மேசை. கீழ்ப் படுக்கையைப் பகலில் மேல் படுக்கைக்காரரோடு பகிர்ந்துகொள்வதும், ஏறியவுடன் காலணியைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்புக்கும் வீட்டு உடைக்கும் மாறுவதும் எழுதப்படாத விதிகள். விறைப்பான கால்சட்டையும் இறுக்கமான காலணியுமாக நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரை அங்கே சற்று வியப்போடு பார்க்கிறார்கள்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது தேநீர். பெட்டியின் ஒரு கோடியில், ‘டைட்டன்’ என்று அழைக்கப்படும் உருளை வடிவ வெந்நீர்க் கொதிகலன் சுவரோடு நிற்கிறது. வெப்பம் காட்டும் முள்ளும் கீழே ஒரு குழாயும் இருக்கும். இரவும் பகலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கொதிநீர் பிடித்துக்கொள்ளலாம். வீட்டுச் சமோவாரின் வேலையை ரயிலில் இதுதான் செய்கிறது. ப்ரவத்னீட்ஸாவிடம் தேநீர் கேட்டால், பிடியில்லாத மெல்லிய கண்ணாடித் தம்ளரை உலோகத் தாங்கி ஒன்றில் செருகிக் கொண்டுவந்து வைப்பார். அந்தத் தாங்கிக்குப் ‘பொத்ஸ்தகான்னிக்’ என்று பெயர். கையில் எடுத்துப் பார்த்தேன்: எதிர்பார்த்ததைவிட நல்ல கனம், பித்தளை மேல் நிக்கல் முலாம், பக்கங்களில் பூவேலைப்பாடும் நடுவில் ஒரு ரயில் எஞ்சினும் புடைப்பாகத் தெரிந்தன, பலர் பிடித்துப் பிடித்துக் கைப்பிடியின் வளைவில் மட்டும் முலாம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. விளாதீமிர் மாநிலத்திலுள்ள கோல்ச்சுகினோ என்ற ஊரின் ஆலை இவற்றுக்குப் பேர்போனது. பெட்டி ஆடும்போது தம்ளர் மட்டும் தனியாக இருந்தால் சாய்ந்துவிடும். அடியில் இருக்கும் இந்தக் கனம் அதை நிறுத்திவைக்கிறது. அதனால்தான், நகரத்து வீடுகளில் பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்தப் பொருள் ரயிலில் மட்டும் இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. வேண்டுமானால் ப்ரவத்னீட்ஸாவிடமே புதியது ஒன்றை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கினேன்.

தேநீர் ரஷ்யாவுக்கு வந்த வழியும் இந்தப் பாதையோடு தொடர்புடையது. 1638இல் மங்கோலிய ஆட்சியாளரான அல்தின் கான், ஜார் மிகயீலுக்கு அனுப்பிய பரிசுகளில் காய்ந்த இலைகளும் இருந்தன. ரஷ்யாவில் எவருக்கும் தெரியாத, பயனற்ற பொருள் என்று கருதிய தூதர் வசீலி ஸ்தார்கோவ் அவற்றை வாங்கிக்கொள்ளவே தயங்கினார். 1727இல் சீனாவுடன் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, மங்கோலிய எல்லையிலுள்ள கியாக்தா தேயிலை வணிகத்தின் வாயிலாக மாறியது. அங்கிருந்து வண்டியிலும் பனிச்சறுக்கு வண்டியிலுமாக மாஸ்கோ வந்துசேரத் தேயிலைக்கு மாதக்கணக்கில் ஆகும். செங்கல்போல் இறுக்கிய தேயிலைக் கட்டிகள் சைபீரியாவின் சில பகுதிகளில் நாணயமாகவே கைமாறின. நிலவழியே வந்ததால் ரஷ்யர்களுக்கு அது ‘ச்சாய்’. தென்சீனத் துறைமுகங்களிலிருந்து கடல்வழியே போன இடங்களில் ‘தே’ என்ற ஒலிப்பு பரவியது, நம் தேயிலையிலும் தேநீரிலும் இருப்பது அந்தத் ‘தே’தான். 1869இல் திறந்த சூயஸ் கால்வாயும், அதன் பின்னர் இதே சைபீரிய ரயில்பாதையும் சேர்ந்து அந்த வண்டித்தொடர்களுக்கு முடிவுகட்டின.

ஓட்டம் நிதானமாகவும் சீராகவும் இருக்கிறது. தண்டவாள அகலம் 1520 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரைவிடக் குறைவு, ஐரோப்பாவின் 1435ஐவிட அதிகம். படையெடுத்து வருபவர்களின் ரயில் நுழையக்கூடாது என்றே ரஷ்யர்கள் அகலத்தை மாற்றி வைத்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ பாதையைத் திட்டமிட்ட மேல்னிகோவ், கிராஃப்ட் என்ற இரு பொறியாளர்கள் 1839இல் அமெரிக்கா சென்று அங்கிருந்த பாதைகளை ஆராய்ந்தார்கள். ஆலோசகராக அழைக்கப்பட்ட அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் ஐந்து அடி அகலத்தைப் பரிந்துரைத்தார், அதுவே நிலைத்தது. ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரின் தந்தை இவர். தாம் ஆலோசனை சொன்ன பாதை 1851இல் திறக்கப்படுவதைப் பார்க்காமலே, 1849இல் பீட்டர்ஸ்பர்க்கில் காலராவுக்குப் பலியானார்.

நேரம் குறித்துப் பயணிகள் தெளிவாக இருக்க வேண்டும், ஏனெனில் நான் அதில் தடுமாறினேன். ரஷ்ய ரயில்வேயில் நாடு முழுவதற்கும் மாஸ்கோ நேரம்தான் நீண்ட காலம் செல்லுபடியானது. விளாதிவஸ்தோக்கில் வெளியே காலை ஒன்பது மணி வெயில் அடிக்கும்போது நிலையத்துக் கடிகாரம் இரண்டு மணி காட்டும். 2018 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்துதான் பயணச்சீட்டிலும் நிலையங்களிலும் உள்ளூர் நேரம் வந்தது. எனக்குச் சீட்டு ஏற்பாடு செய்துகொடுத்த முகவரோ, பழைய வழக்கத்தில், இர்குட்ஸ்கிலிருந்து கிளம்பும் நேரத்தை மாஸ்கோ கணக்கில் தனித்தாளில் எழுதி இணைத்திருந்தார். சீட்டைப் பார்க்காமல் அந்தத் தாளை நம்பிய நான் ஐந்து மணி நேரம் முன்கூட்டியே நிலையத்துக்குப் போய், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரம் தாமதமாகப் போயிருக்கவும் முடியும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அச்சிட்ட சீட்டில் இருப்பதை மட்டும் நம்புங்கள்; பெட்டியின் நடைவழியில் மாட்டியிருக்கும் கால அட்டவணையைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.

உணவுக்கு, உணவகப் பெட்டி உண்டு. பீட்ரூட் சூப்பும் ‘கிரேச்கா’ என்னும் பக்வீட் தானியச் சோறும் எனக்கு ஒத்துப்போயின. சைவம் மட்டும் உண்பவர்கள் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், கொதிநீர் ஊற்றினால் ஆகக்கூடிய பொருள்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. குப்பேயில் எதிர்ப்படுக்கைப் பாட்டி வெள்ளரிக்காயையும் அவித்த முட்டையையும் மேசையின் நடுவில் பரப்பி வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை தானும் தொடாமல் காத்திருந்தார். நான் வைத்திருந்த முறுக்கை அவர் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார்.

யூரல் மலைக்கு முன்னும் பின்னுமாக முதல் இரண்டு நாள் காட்சிகளில் பெரிய மாற்றம் இல்லை: பிர்ச் மரங்கள், சதுப்பு, மறுபடியும் பிர்ச் மரங்கள். 1777ஆவது கிலோமீட்டரில் ஐரோப்பாவும் ஆசியாவும் பிரியும் இடத்தைக் குறிக்கும் தூண் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. நோவசிபிர்ஸ்க் மட்டும் குறிப்பிடத்தக்கது. ஓப் ஆற்றைப் பாதை எங்கே கடப்பது என்ற கேள்வி எழுந்தபோது, பின்னாளில் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற பொறியாளர் காரின்-மிகயிலோவ்ஸ்கி, பாறைப் படுகை உள்ள ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். பாலம் கட்ட வந்தவர்களின் குடியிருப்பு 1893இல் அங்கே முளைத்தது. இன்று ரஷ்யாவின் மூன்றாவது பெரிய நகரம் அதுதான். பாதை விலகிப் போனதால், அதுவரை சைபீரியாவின் பெருமையாக இருந்த தோம்ஸ்க் கிளைப்பாதையில் ஒதுங்கிவிட்டது.

இர்குட்ஸ்கில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டாம். 1825 டிசம்பரில் ஜாரின் எதேச்சதிகாரத்துக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற அதிகாரிகளை ‘டிசம்பர்வாதிகள்’ என்பார்கள். நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவரான இளவரசர் வோல்கோன்ஸ்கியின் மரவீடு இந்நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய மனைவி மரியா, பட்டத்துக்குரிய உரிமைகளைத் துறந்து, கைக்குழந்தையைப் பீட்டர்ஸ்பர்க்கில் விட்டுவிட்டு, பனிக்காலத்தில் வண்டியேறி, கணவர் தண்டனை அனுபவித்த நெர்ச்சின்ஸ்க் சுரங்கம்வரை போனார். சிறையறைக்குள் கணவரைக் கண்டதும் அவரைத் தழுவுவதற்கு முன்னால் மண்டியிட்டு, அவர் காலில் கிடந்த விலங்கை முத்தமிட்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் விலங்குகள் நீக்கப்பட்டபோது, அந்த இரும்பிலேயே மோதிரமும் காப்பும் செய்து மனைவியருக்குக் கொடுத்தார்கள். சோவியத் கதைகளைத் தமிழில் வாசித்து வளர்ந்தவர்கள் அந்த வீட்டில் ஒரு பகல் முழுவதும் நிற்பார்கள்.

இர்குட்ஸ்கை விட்டு இரண்டு மணி நேரத்தில் பைக்கால் ஏரி வருகிறது. செல்லும் திசைக்கு இடப்பக்கம். நடைவழியில் நிற்கலாமா, குப்பேயில் இருக்கலாமா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு தண்ணீரின் ஓரமாகவே ரயில் போகிறது. ஸ்லூத்யான்கா நிலையத்தில் வண்டி நிற்கும்போது கட்டடத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளூர் வெண்பளிங்கில் 1904இல் எழுப்பியது. சொரசொரப்பாகக் கொத்திய கல்லில், உப்புப் படிகம்போலச் சிறு மினுக்கங்கள் தெரிகின்றன.

இந்த ஏரிதான் மொத்தப் பாதைக்கும் பெருந்தடையாக இருந்தது. 1891இல், இந்தியா, இலங்கை, சியாம், சீனா, ஜப்பான் என்று கடல்வழியே சுற்றிவந்த பட்டத்து இளவரசர் நிக்கலாய், விளாதிவஸ்தோக்கில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். சில வாரங்களுக்கு முன்னால்தான் ஜப்பானில், காவலுக்கு நின்ற காவலரே வாளால் வெட்ட, தலைக்காயத்தோடு தப்பியிருந்தார். இரு முனைகளிலிருந்தும் கட்டி வந்தவர்கள், பைக்காலின் தென்கரை மலைகளைக் குடைய ஆண்டுகள் ஆகும் என்பதால், ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கடத்த முடிவு செய்தார்கள். ‘பைக்கால்’ என்ற பனியுடைப்புக் கப்பலை இங்கிலாந்தின் நியூகாசிலில் கட்டி, துண்டு துண்டாகப் பிரித்து, சைபீரியாவுக்குக் கொண்டுவந்து, ஏரிக்கரையில் மறுபடி பூட்டினார்கள். அதனுள் தண்டவாளமே உண்டு; இருபதுக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகளை ஒரே தடவையில் ஏற்றும். உடன் ஓடிய ‘அங்காரா’ என்ற சிறிய கப்பல் இன்றும் இர்குட்ஸ்கில் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் நடுக்குளிரில் அந்தக் கப்பலாலும் பனியை வெல்ல முடியவில்லை. 1904 பிப்ரவரியில் ஜப்பானோடு போர் மூண்டபோது ஏரி உறைந்து கிடந்தது, சுற்றுப்பாதை முடியவில்லை, படைகளோ கிழக்கே போயாக வேண்டும். போக்குவரத்து அமைச்சராக இருந்த இளவரசர் மிகயீல் கில்கோவ் நேரில் வந்து நின்றார். இளமையில் அமெரிக்காவுக்குப் போய் ரயில்வேயில் சாதாரணத் தொழிலாளியாக வேலை பார்த்தவர் அவர். அவருடைய மேற்பார்வையில், உறைந்த ஏரியின் மேலேயே ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டார்கள். சோதனைக்காக விட்ட எஞ்சின் பனி பிளந்து மூழ்கியது. அதற்குப் பிறகு எஞ்சின்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துச்சென்றார்கள். பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. சிப்பாய்கள் நடந்து கடந்தார்கள், நடுவழியில் அவர்கள் குளிர்காய்வதற்கென்று பனியின் மேலேயே தங்குமிடம் அமைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் கரையோரப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. முப்பத்தெட்டுக்கும் மேற்பட்ட சுரங்கங்களோடு, ‘இரும்பு அரைக்கச்சையின் பொற்கொக்கி’ என்று புகழப்பட்ட அந்தப் பகுதி, 1950களில் அங்காரா அணையின் நீர் ஒரு பகுதியை மூழ்கடித்ததால் முக்கியப் பாதையிலிருந்து விலகிவிட்டது. ஸ்லூத்யான்காவிலிருந்து தனி ரயிலில் போய்ப் பார்க்கலாம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் ஒதுக்கிவிடுங்கள்.

கப்பல் கட்டப்பட்ட அதே காலத்தில், 1900இல், ஜார் நிக்கலாய் தம் மனைவிக்கு ஈஸ்டர் பரிசாகக் கொடுத்த, ஃபபெர்ஜே நகைக்கூடத்தில் செய்த அலங்கார முட்டையின் மேல் இந்தப் பாதையின் வரைபடம் வெள்ளியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே, சாவி கொடுத்தால் ஓடக்கூடிய தங்க ரயில் ஒன்று மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் விளக்குகளாக விலையுயர்ந்த கற்கள். கிரெம்ளின் ஆயுத அரண்மனையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ரயிலேறினேன். உண்மைப் பாதையைப் போட்டவர்களில் சிப்பாய்களும் நாடுகடத்தப்பட்டோரும் கைதிகளும் இருந்தார்கள். கைதிகளுக்கு உழைப்புக்கு ஈடாகத் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. உறைந்த மண்ணை அவர்கள் மண்வெட்டியால் வெட்டிய இடங்களின் மேல்தான் நம் படுக்கை ஆடிக்கொண்டு போகிறது என்பது, பைக்காலுக்குக் கிழக்கே உள்ள டிரான்ஸ்பைக்கால் பகுதியின் மஞ்சள் பூத்த லார்ச் காடுகளைப் பார்க்கும்போது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஆறாம் நாள்வாக்கில் ‘யெரோஃபேய் பாவ்லோவிச்’ என்ற நிலையம் வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அமூர் ஆற்றுப் பகுதிக்கு வந்த கபரோவ் என்பவரின் பெயரும் தந்தைவழிப் பெயரும் அது. அவருடைய குடும்பப்பெயரோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கபரோவ்ஸ்க் நகருக்குப் போய்விட்டது. அங்கே நிலையத்துக்கு எதிரில் சிலையாக அவரே நிற்கிறார். இரண்டுக்கும் இடையில் பிரோபிட்ஜான். நிலையத்தின் முகப்பில் ரஷ்ய எழுத்தோடு எபிரேய எழுத்திலும் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து உடன்வந்த இளைஞர் ஒருவர் படமெடுக்க ஓடினார். சோவியத் அரசு 1934இல் யூதத் தன்னாட்சி மாநிலம் ஒன்றை, யூதர்கள் வாழ்ந்த மேற்குப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இந்தச் சதுப்பு நிலத்தில் உருவாக்கியது. எழுதியிருப்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி. இன்று அம்மாநிலத்தில் யூதர்கள் மிகச் சிறிய பங்கினரே. இஸ்ரேல் உருவாவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அமைந்த அந்த மாநிலம் பெயரளவில் இன்றும் இருக்கிறது.

பிரோபிட்ஜானைத் தாண்டியதும் கபரோவ்ஸ்க் பாலத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் எவரும் இந்தப் பாலத்தைத் தூக்கத்தில் கடந்துவிடக் கூடாது. அமூரின் மேல் பதினெட்டு இரும்புச் சட்டகங்களோடு ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டும் வேலை 1913இல் தொடங்கியது. லாவ்ர் புரஸ்குர்யாகோவ் வடிவமைத்த அந்தச் சட்டகங்களை வார்சாவில் செய்து, ரயிலில் ஒதேஸா துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் இந்தியப் பெருங்கடல் வழியாக விளாதிவஸ்தோக்குக்கும் அனுப்பினார்கள். கடைசி இரண்டு சட்டகங்களை ஏற்றிவந்த கப்பலை 1914 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், அதே எம்டன்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்து, ‘அவன் சரியான எம்டன்’ என்று நம் பேச்சில் ஒரு சொல்லை நிரந்தரமாக விட்டுப்போன கப்பல். அக்டோபரில் பினாங்கில் ‘ழேம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பலையும் அது தாக்கி மூழ்கடித்தது. நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அதன் கதை முடிந்தது. எம்டனால் இரண்டு சட்டகங்கள் கடலுக்குள் போனதில் பாலம் முடிய 1916 ஆகிவிட்டது. அதுவரை ரஷ்ய மண்ணை விட்டு வெளியேறி, மஞ்சூரியா வழியாகத்தான் விளாதிவஸ்தோக்குக்குத் தடையின்றிப் போக முடிந்தது. ஆக, முழுக்க ரஷ்ய நிலத்தின் மேலேயே ஓடும் இந்தப் பாதை நிறைவடையும் நாளைத் தள்ளிப்போட்ட கப்பல், நம் கடற்கரையிலும் வந்து நின்றிருக்கிறது.

சட்டகங்களின் நிழல் ஒன்றன்பின் ஒன்றாக மேசை மேல் விழுந்து கடக்க, சக்கர ஒலி திடீரென்று பொள்ளலாக மாறியது. கீழே அமூர் பழுப்பாக, கரை எது என்று தெரியாத அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி தன் கைப்பையிலிருந்து 5000 ரூபிள் நோட்டு ஒன்றை எடுத்து என் முன் நீட்டினார். 2006இல் வெளிவந்த அந்த நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்தப் பாலம்தான். இன்று நாம் கடப்பது புதுப்பித்துக் கட்டியது. பழைய சட்டகங்களில் ஒன்றைக் கரையில் வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அடியில், 1941இல் முடித்து நீண்ட காலம் மறைத்துவைத்த சுரங்கப்பாதை ஒன்றும் ஓடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். குளிக்கும் வசதி எல்லாப் பெட்டிகளிலும் கிடையாது. ஒரு வாரப் பயணத்துக்கு இது சிறிய குறை அல்ல, அதனால்தான் நடுவில் ஓரிடத்தில் இறங்கச் சொல்கிறேன். குளிரூட்டிய பெட்டிகளில் ஜன்னல் திறக்காது; கண்ணாடியில் உள்விளக்கின் நிழல் விழுவதால் படம் எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். கைப்பேசித் தொடர்பு பல மணி நேரம் இருக்காது. ஆங்கிலம் பேசுபவர்கள் அரிது. ரஷ்ய எழுத்துகளைப் படிக்க மட்டுமாவது கற்றுக்கொண்டு போனால் நிலையப் பெயர்கள் பிடிபடும். 2022க்குப் பிறகு வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது என்பதால், பணத்தை நோட்டாகவே கொண்டுபோக வேண்டும். மறுமுறை போனால் திசையை மாற்றி, விளாதிவஸ்தோக்கிலிருந்து மாஸ்கோ நோக்கி வருவேன். பார்க்க நிறைய இருக்கும் பகுதிகள் கிழக்குப் பாதியில் இருப்பதால், மனம் சோராத முதல் நாட்களிலேயே அவற்றைப் பார்த்துவிடலாம்.

விளாதிவஸ்தோக்குக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ப்ரவத்னீட்ஸா விரிப்புகளையும் தம்ளர்களையும் எண்ணித் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் விலைக்கு வாங்கியிருந்த பொத்ஸ்தகான்னிக்கை ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதுவும் தன் கணக்கில் வந்ததோ என்று சந்தேகப்பட்டு அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். அடியில் இருந்த முத்திரையைப் படித்துச் சிரித்துவிட்டு, முன்பைவிட நன்றாகச் சுற்றிக் கையில் கொடுத்தார். நடைமேடையில் 9288 என்று எழுதிய தூணின் அருகே நின்று இறங்கிய எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் காற்றில் உப்பு மணத்தது.